நிற்கத் தெரிந்த லாரி

திருவாரூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு காட்சி நினைவிருக்கும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரக் கணக்கானவர்கள். தேரை நிறுத்துகிறவர்களோ ஒரு சிலர். கையில் முட்டுக்கட்டையுடன், உருளும் சக்கரத்தின் மேலேயே கண் வைத்து, அதன் ஓரமாகவே நடந்து வருவார்கள். ஜனங்கள் அவர்களைக் கவனிப்பதில்லை. தேரையும் ஸ்வாமியையும் பார்ப்பதற்கே இரண்டு கண் போதாது. ஆயினும் அத்தனை ஜனங்களின் உயிரும் அந்த ஒரு சிலர் கையில் இருக்கிறது. ஆழித் தேருக்கு இப்போது இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் உண்டு. திருச்சிராப்பள்ளி பெல் தொழிற்சாலையார் செய்து கொடுத்தார்கள். அப்படியும் முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போய்விடவில்லை.

பட்டாள லாரியைப் பற்றி எழுத வந்தவன் தேர்த் தெருவில் ஏன் நிற்கிறான் என்று கேட்பீர்கள். பழைய லாரி ஒன்றைப் புதுப்பிக்கும் இடத்திலும் இதே கதைதான். என்ஜினைக் கிளப்புவதென்றால் ஊரே கூடிவிடும். எழுபது, எண்பது வருஷம் தூங்கிய யந்திரம் ஒரு தடவை இருமி, புகை கக்கி, உறுமத் தொடங்கினால் கைதட்டல் வேறு. பிரேக்கைப் பிரித்துப் பார்க்கும் நாளில் மாத்திரம் அங்கே ஒருவரும் இருப்பதில்லை.

நான் மனத்தில் வைத்திருப்பது ஜி.எம்.ஸி. என்ற அமெரிக்க லாரி. இரண்டாவது உலக மகாயுத்தத்தின் போது, 1941-லிருந்து 1945 வரையில், ஐந்து லட்சத்துக்கு மேல் செய்து குவித்தார்கள். பத்துச் சக்கரம், அத்தனையும் என்ஜினால் சுழலக் கூடியவை. மேடு பள்ளத்தில் இரண்டரை டன் சுமை என்பது கணக்கு. நல்ல சாலையில் அதைப்போல் இரு மடங்கும் ஏற்றினார்கள். 1944 ஆகஸ்டு 25-ஆம் தேதி முதல் நவம்பர் 16-ஆம் தேதி வரை பிரான்ஸ் தேசத்தில் 'ரெட் பால்' என்ற பெயருடன் ஓடிய லாரி வரிசையில் இவையே பெரும்பாலானவை. அவற்றை ஓட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர் நீக்ரோக்கள் என்று அந்தக் காலத்தில் அழைக்கப்பட்ட அமெரிக்கக் கறுப்பர்கள். சொந்த நாட்டில் சம ஆசனம் மறுக்கப்பட்டவர்கள், ஒரு சைன்யத்துக்கே சோறும் பெட்ரோலும் குண்டும் கொண்டு போய்ச் சேர்த்தார்கள்.

நமது தேசத்துக்கும் இந்த லாரிகளுக்கும் சம்பந்தம் உண்டு. அஸ்ஸாமில் லேடோ என்ற ஊரில் புறப்பட்டு, பர்மாக் காடுகளைக் கடந்து, சீனாவின் குன்மிங் நகரம் வரை சென்ற சாலையில் இவை ஓடின. 1945 ஜனவரி 12-ஆம் தேதி லேடோவை விட்டுக் கிளம்பிய முதல் வரிசை, குன்மிங் போய்ச் சேர்ந்தது பிப்ரவரி 4-ஆம் தேதி. வழியில் பாங்சாவ் கணவாய், 3,700 அடிக்கு மேல் உயரம். மழையில் வழுக்கும் செம்மண் சேறு. ஒரு பக்கம் மலை, மறு பக்கம் அதலபாதாளம். அந்தச் சாலையை வெட்டியவர்களில் நம் நாட்டுக் கூலிகளும் எத்தனையோ பேர். மாண்டு போன அமெரிக்கர்களுக்குக் கணக்கு இருக்கிறது. கூலிகளுடைய கணக்கை ஒழுங்காக எழுதி வைப்பார் இல்லை.

யுத்தம் முடிந்ததும் பட்டாளத்து மிச்சச் சாமான்களாக இந்த லாரிகள் உலகமெங்கும் ஏலத்தில் போயின. மரம் இழுத்தன, கல் சுமந்தன, பிறகு தோட்டத்து மூலையில் துருப்பிடித்து நின்றன. இப்போது அவற்றைத் தேடி எடுத்துப் புதுப்பிக்கும் பிரியர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். நார்மண்டிக் கடற்கரையில் ஒவ்வொரு ஜூன் மாதமும் இவை ஊர்வலம் போகின்றன. லாரியின் பின்புறத்தில் பலகை போட்டுக் குழந்தைகளை உட்கார வைத்து ஓட்டுவதும் உண்டு. என் கவலையெல்லாம் அந்தக் குழந்தைகளைப் பற்றியதுதான்.

*

ஓடும் வண்டியை நிறுத்துவது என்றால் என்ன? அதன் வேகம் எங்கேயாவது போக வேண்டும். சும்மா மறைந்து போகாது. உஷ்ணமாக மாறியே தீரும். சுமையுடன் எட்டு டன் எடையுள்ள லாரி மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் வருகிறது. அதை ஒரே ஒரு தடவை பிரேக் போட்டு நிறுத்தினால் உண்டாகும் உஷ்ணத்தைக் கொண்டு, ஏறக்குறைய 3¾ லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கும் நிலைக்குக் கொண்டு வந்துவிடலாம். வேகத்தைப் பாதியாக்கி 30 கிலோ மீட்டரில் வந்தாலோ, தண்ணீரின் அளவு பாதியாவதில்லை. கால் பங்காகி, ஒரு லிட்டருக்குள் அடங்கிவிடுகிறது. 'மெள்ளப் போ' என்று பெரியவர்கள் சொல்வதில் இவ்வளவு கணக்கு இருக்கிறது. அதே லாரி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து மலைப்பாதையில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் 260 லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். ஒரு கல்யாணத்துக்கு வெந்நீர் போட்டுவிடலாம்!

இத்தனை உஷ்ணத்தையும் ஏற்றுக் கொள்வது, ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒளிந்திருக்கும் டிரம். அகன்ற இரும்புப் பாத்திரம் ஒன்றைப் பக்கவாட்டில் நிறுத்தியது போலிருக்கும்; சக்கரத்தோடு சேர்ந்து சுழலும். அதனுள்ளே சுழலாமல் நிற்கும் இரண்டு இரும்புப் பிறைகளுக்குப் பெயர் ஷூ. பிறையின் முதுகில் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைத்திருக்கும் பட்டைதான் லைனிங். டிரைவர் பெடலை மிதித்ததும், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய் வழியாக அழுத்தத்தைக் கொண்டு போகிறது. சக்கரத்திலுள்ள சிறு சிலிண்டர் ஷூக்களை விரிக்கிறது. லைனிங் டிரம்மில் உராய்கிறது, வண்டி நிற்கிறது. ஜி.எம்.ஸி.யில் டிரைவரின் காலுக்கு உதவியாக 'ஹைட்ரோவாக்' என்ற சாதனமும் உண்டு. என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தின் பலத்தைக் கொண்டு ஆயிலின் அழுத்தத்தை அது பெருக்கிக் கொடுக்கும்.

இவ்வளவும் பட்டாள லாரிக்கு மட்டும் உரிய விஷயமல்ல. நம் வீட்டு வாசலில் நிற்கும் மோட்டார் கார்கள் பலவற்றின் பின் சக்கரத்திலும், ஸ்கூட்டர்கள் பலவற்றிலும், டவுன் பஸ்ஸிலும் இதே டிரம்தான் குடியிருக்கிறது. ஆகையால் வாசகர்கள் பொறுமையுடன் என்னுடன் சற்றுக் குனிந்து சக்கரத்துக்குள் பார்க்க வேண்டும்.

மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, ஜாக்கியில் தூக்கி, அதன் கீழே உறுதியான தாங்கியும் வைத்த பிறகே கழற்றத் தொடங்க வேண்டும். அந்தக் காலத்து லாரிகள் பலவற்றில் இடது பக்கத்துச் சக்கர நட்டுகளுக்கு இடது மரை. இதை அறியாத பையன் நீண்ட குழாயை மாட்டிக் கொண்டு தொங்குவான். நட்டு இன்னும் இறுகும். கடைசியில் போல்ட் ஒடியும். டிரம் சுலபத்தில் வெளிவராது. தேய்ந்த டிரம்மின் விளிம்பில் ஒரு துரு வரம்பு நின்று ஷூக்களைப் பிடித்துக் கொள்ளும். சுத்தியலை எடுப்பதற்கு முன் ஷூக்களை உள்ளே சுருக்கும் திருகைத் தளர்த்திவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

டிரம் வந்ததும் உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி தெரியும். இந்த இடத்தில் வேலையை நிறுத்திச் சில வார்த்தை சொல்ல வேண்டும்.

அந்தத் தூசி பெரும்பாலும் கல்நார். அஸ்பெஸ்டாஸ் என்று கூரை போட்டோமே, அதே பொருள். நெருப்புக்கு அசையாதது என்பதால் பழைய லைனிங்கெல்லாம் இதைக் கொண்டே செய்யப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத இதன் நுண்ணிய இழைகள் சுவாசப் பைக்குள் போனால் வெளியே வருவதில்லை. இருபது, முப்பது, நாற்பது வருஷம் கழித்துப் புற்று நோயாக முளைக்கின்றன. கல்நாரில் நல்ல ஜாதி, கெட்ட ஜாதி என்ற வித்தியாசமே கிடையாது, எல்லா வகையும் புற்று நோய் தரக் கூடியவை என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் தீர்ப்பு. ஐரோப்பிய நாடுகள் விலக்கிவிட்டன. அமெரிக்காவில் எஞ்சியிருந்த வெள்ளைக் கல்நாருக்கும் 2024-ல் தடை விதித்தார்கள். நம் தேசத்திலோ இறக்குமதி இன்னும் முற்றிலும் நின்றபாடில்லை. கல்நார்த் தொழிலாளிகளின் ஆரோக்கியம் அவர்களுடைய உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று சுப்ரீம் கோர்ட்டார் 1995-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறார்கள். தீர்ப்புப் புஸ்தகத்தில் இருக்கிறது. பட்டறையிலே பையன், முகத்தைக் கிட்டத்தில் வைத்துக் கொண்டு, காற்றுக் குழாயால் 'உஸ்' என்று தூசியை ஊதிக் கொண்டிருக்கிறான். அவனுக்குப் பதினெட்டு வயது. நாற்பது வருஷம் கழித்து அவன் இருமும் போது, இந்த லாரி எவர் ஞாபகத்திலும் இராது.

ஆகவே ஊதக் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் தட்டவும் கூடாது. தண்ணீரை மெல்லத் தெளித்து நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும். நுண்துகளைத் தடுக்கும் நல்ல முகமூடி அவசியம், கைக்குட்டை போதாது. போட்டிருந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்து வெளுக்கப் போடக் கூடாது. லைனிங்கைப் பார்த்த மாத்திரத்தில் கல்நார் உண்டா இல்லையா என்று கண்டு பிடிக்கவும் முடியாது. பழையது என்றால் உண்டு என்றே வைத்துக் கொள்வது புத்திசாலித்தனம்.

*

இனி டிரம்மைப் பார்ப்போம். சந்தையில் மண்பானை வாங்கும் பெண்மணி என்ன செய்கிறாள்? விரலால் சுண்டி ஓசை கேட்கிறாள். துடைத்த டிரம்மைத் தொங்கவிட்டு லேசாகத் தட்டிப் பார்த்தால், நல்லது மணி போல் ஒலிக்கும். விரிசல் விட்டது மந்தமாகப் பேசும். விரிசல் கண்ட டிரம் பழைய இரும்புக் கடைக்கு உரியது. வெல்டிங் வைத்துக் கொடுக்கிறேன் என்று ஒருவர் வந்தால் அவருக்கு ஒரு காப்பி கொடுத்து அனுப்பிவிடலாம். கீறல் மட்டும் இருந்தால் லேத்தில் கடைந்து சமப்படுத்தலாம். ஆனால் கடையக் கடைய டிரம் மெலிகிறது. மெலிந்த பாத்திரம் சீக்கிரம் சூடேறும் என்பது சமையலறையில் எல்லோரும் அறிந்தது. தயாரித்தவர்கள் வகுத்த எல்லைக்கு மேல் கடையக் கூடாது. ஒரே அச்சின் இரண்டு டிரம்களும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் போட்டதும் வண்டி ஒரு பக்கமாகப் பாயும்.

லைனிங் எண்ணெயில் ஊறியிருந்தால், அதைப் பெட்ரோலில் கழுவி நெருப்பில் வாட்டி மறுபடி போடும் வழக்கம் ஒன்று உண்டு. சிக்கனம் நல்ல குணந்தான்; இங்கே மட்டும் அது வேண்டாம். அடுத்த மலை இறக்கத்தில் சூடேறியதும், உள்ளே ஒளிந்திருந்த எண்ணெய் கசிந்து வெளியே வரும். புது லைனிங்கே போட வேண்டும். அதற்கு முன், எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டு, அச்சின் ஆயில் ஸீலை மாற்ற வேண்டும். ஓட்டையை அடைக்காமல் தரையைத் துடைப்பதில் பயனில்லை. கல்நார் கலக்காத லைனிங் இப்போது நம் ஊரிலேயே தாராளமாகக் கிடைக்கிறது. சென்னையையடுத்த பாடியில் 1962-ல் பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தொடங்கியது முதல், பிரேக் சாமான் விஷயத்தில் அந்நியர் முகத்தைப் பார்த்துக் கொண்டு நிற்க வேண்டிய காலம் படிப்படியாகப் போய்விட்டது. எண்பது வருஷத்து அமெரிக்க ஷூவுக்குச் சுதேசிப் பட்டை போடுவதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷமே உண்டு.

ரிவெட் அடிக்கும் போது நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கிப் போனால் பட்டை ஷூவோடு படிந்து உட்காரும். ரிவெட்டின் தலை பட்டைக்குள் நன்றாக அமிழ்ந்திருக்க வேண்டும். முடிந்ததும் பட்டையின் வளைவு டிரம்மின் வளைவோடு பொருந்துகிறதா என்று பார்த்து, தேவையான இடத்தில் தேய்க்க வேண்டும். இதையும் தூசி பறக்காத முறையில் செய்ய வேண்டும். உஷ்ணத்தால் நீலம் பாரித்த ஸ்பிரிங்குகள் பலம் இழந்தவை; எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

இந்த வேலையில் மிகவும் ஏமாற்றுவது ரப்பர். யுத்த காலத்துச் சாமான்கள், பிரிக்காத பொட்டலமாக, பட்டாள முத்திரையுடன் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. மெழுகுக் காகிதத்தைப் பிரித்தால் உள்ளே புத்தம் புதிய சிலிண்டர் பளபளக்கும். பிரியர்களுக்குக் கண்ணில் ஜலம் வந்துவிடும். இரும்பு நன்றாகவே இருக்கலாம். ஆனால் அதனுள் இருக்கும் ரப்பர்க் கிண்ணம் எண்பது வயதுக் கிழவர் அல்லவா? தொட்டால் மெத்தென்றிருக்கும், அழுத்தம் தாங்கும் வேளையில் வெடித்துவிடும். பொட்டலத்தைப் பிரிக்காததால் ரப்பருக்கு வயது ஏறாமல் நின்றுவிடாது. புதிய ரப்பர்தான் போட வேண்டும். சிலிண்டரின் உட்சுவரில் துருப்பள்ளம் இருந்தால் புது ரப்பரையும் அது அறுத்துவிடும். லேசான கறையை மெருகிட்டுப் போக்கலாம். பள்ளம் ஆழமாயிருந்தால் உள்ளே பித்தளையிலோ துருவேறா எஃகிலோ ஒரு குழல் செருகிச் சரியான அளவுக்குக் கடைந்து கொள்ளலாம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர்க் குழாயும் அப்படித்தான். வெளியே நன்றாயிருக்கும், உள்ளே வீங்கித் துவாரம் அடைத்திருக்கும். மிதித்த அழுத்தம் உள்ளே போகும், திரும்பி வராது. காலை எடுத்த பின்பும் அந்தச் சக்கரம் பிரேக் பிடித்தபடி உருண்டு, சூடேறிப் புகையும்.

பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வேடிக்கை. ஆதி காலத்து ஹைட்ராலிக் பிரேக்கில் ஊற்றியது என்ன தெரியுமா? நம் விளக்கெண்ணெய்! அதைச் சாராய இனத்தைச் சேர்ந்த திரவத்தோடு கலந்து ஊற்றினார்கள். குழந்தைக்குக் கொடுத்தால் ஓடுகிறது. லாரிக்குக் கொடுத்தால் நிற்கிறது. இன்றைய சாதாரணப் பிரேக் ஆயில் கிளைக்கால் இனத்தைச் சேர்ந்தது. காற்றிலுள்ள ஈரத்தைத் தானாகவே குடிக்கும். டாட் 3 என்ற ரகம் புதிதாயிருக்கையில் 205 டிகிரி வரையேனும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 டிகிரி. மலை இறக்கத்தில் இந்த வித்தியாசம் உயிர் போகிற வித்தியாசம். ஆயில் கொதித்து ஆவியானால், ஆவி அமுங்குமே தவிர அழுத்தத்தைக் கொண்டு போகாது. பெடல் தரையைத் தொடும், லாரி நிற்காது. அதனால்தான் கணவாயில் இறங்கும் டிரைவர் கீழ்க் கியரில் போட்டு, என்ஜினையே பாதிப் பிரேக்காக உபயோகிக்கிறார். ஈரம் குடிக்காத ஸிலிக்கோன் ஆயிலும் உண்டு. அமெரிக்கச் சைன்யமே 1980-களில் அதற்கு மாறியது. நெடுநாள் சும்மா நிற்கும் வண்டிக்கு அது ஏற்றதுதான். ஆனால் இரண்டையும் கலக்கக் கூடாது. என்ஜின் ஆயிலையோ பெட்ரோலையோ பிரேக் குழாயில் விட்டால் ரப்பரெல்லாம் ஊதிப் போகும்.

மற்றொரு விஷயம் இந்த லாரியின் பிறவிக் குணம். பத்துச் சக்கரத்தின் பிரேக்குக்கும் சேர்த்து மாஸ்டர் சிலிண்டரும் ஒன்றே, ஆயிலின் பாதையும் ஒன்றே. எங்கோ ஒரு மூலையில் ஒரு ரப்பர் கிழிந்தால் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே சமயத்தில் பிரேக் போய்விடும். அமெரிக்காவில் புதிய கார்களுக்கு 1968 முதல் இரட்டைப் பாதை வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். கைப் பிரேக் இருக்கிறதே என்றால், அது சக்கரங்களில் இல்லை. பின்னால் சுழலும் தண்டைப் பிடிப்பது. நின்ற வண்டியை நிறுத்தி வைக்கத்தான் அது. பாய்கிற வண்டியை நிறுத்த அதை நம்பக் கூடாது. ஆகையால் சிலர் இரட்டை மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்திக் கொள்கிறார்கள். "யுத்த காலத்து உருவம் கெட்டுவிட்டது" என்று சுத்தவாதிகள் முகம் சுளிப்பார்கள். காட்சிசாலையில் அசையாமல் நிற்கப் போகிற லாரிக்கு அவர்கள் கட்சி சரி. குழந்தைகளை ஏற்றிக் கொண்டு தெருவில் வரப் போகிற லாரியானால், கைதேர்ந்த தொழிலாளியைக் கொண்டு செய்த இரட்டைச் சிலிண்டருக்கே என் வோட்டு.

எல்லாம் பூட்டிய பின் குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிப்பார். மற்றவர் கீழே சக்கரத்தருகில் திருகைத் திறந்து மூடுவார். கீழே இருப்பவர் "மிதி" என்றால் மிதித்து, "பிடி" என்றால் காலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு வீட்டு அம்மாளையோ பிள்ளையையோ அழைத்தால், லாரி வாங்கின நாள் முதல் மனத்திலிருந்ததையெல்லாம் அவர்கள் அப்போது சொல்லிவிடுவார்கள். அதையும் கேட்டுக் கொள்ள வேண்டியதுதான். ஹைட்ரோவாக்கில் காற்று எடுக்கும் திருகு தனியாக உண்டு. அதை முடித்துவிட்டு, மாஸ்டர் சிலிண்டருக்கு வெகு தூரத்திலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி நெருங்கி வர வேண்டும். குழாயின் முனை ஆயிலில் மூழ்கியே இருக்கட்டும். குமிழி வருவது நின்று தெளிந்த ஆயில் வரும் வரையில் பொறுமை வேண்டும். வெளியே வந்ததை மறுபடி ஊற்றக் கூடாது.

பிறகு பரீட்சை. என்ஜினை நிறுத்தி, ஐந்தாறு தடவை மிதித்து, அழுத்தியபடியே பிடித்துக் கொண்டு என்ஜினைக் கிளப்பினால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்கினால் ஹைட்ரோவாக் வேலை செய்கிறது என்று அர்த்தம். அப்படியே ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்திருக்கையில் பெடல் மெள்ள மெள்ள அமிழ்ந்து கொண்டே போனால், எங்கோ ஒழுகுகிறது. வண்டியை நகர்த்தவே கூடாது. குறையில்லை என்றால், ஜன நடமாட்டமில்லாத சமதரையில் நடை வேகத்தில் ஓட்டி நிறுத்த வேண்டும். பிறகு ஓட்ட வேகத்தில். ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி, டிரம்களுக்கு அருகில் உள்ளங்கையைக் காட்டிப் பார்க்கலாம். தொடத் தேவையில்லை; உஷ்ணம் தானாகவே தெரியும். ஒன்று மட்டும் அதிகமாய்க் கொதித்தால் அங்கே ஷூ விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிரேக்கே பிடிக்கவில்லை. புது லைனிங் டிரம்மோடு பழகுவதற்குச் சில நாள் ஆகும். சில நூறு கிலோ மீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சக்கரத்தைத் தூக்கி இடைவெளியைச் சரி செய்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும்.

ஆலிவ் பச்சை வர்ணத்தைப் பற்றியும், கதவில் தீட்டும் வெள்ளை நட்சத்திரத்தைப் பற்றியும் அடுத்த வாரம்.